வலி இல்லாத கால்

ஆஸ்பத்திரி மேல்மாடியில் பாய் விரித்து எல்லோரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். அத்தனை பேரும் தீராத நோய்க்காரர்கள். வலியோடு மல்லுக்கட்டாமல் அதைக் கவனித்துப் பழகும் பயிற்சி. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், பல வருட முதுகுவலியோடு ஒரு பஸ் டிரைவரும் சேர்ந்திருந்தார்.

"இப்ப வலது கால் விரலுங்களக் கவனிங்க," என்றாள் பயிற்சி தரும் பெண். "என்ன தோணுதோ அதை அப்படியே பாருங்க."

கவனித்தார். ஒன்றும் இல்லை. சூடு இல்லை, பாயின் சொரசொரப்பும் இல்லை. இடது காலுக்குப் போனார், அது இருந்தது. மறுபடி வலதுக்கு வந்தார். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"என் விரலெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே கெடக்கு," என்றாள் மூட்டுவாதம் வந்த தையற்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு வலியே இல்ல," என்றார் டிரைவர். பொய் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வகுப்பில் கணுக்கால் போயிருந்தது. அதற்கடுத்து கெண்டைக்கால். கண்ணை மூடினால்தான் இந்தக் கூத்து. எழுந்து நடந்தால் கால் சொன்ன பேச்சைக் கேட்டது. வெளியே சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடிக்க விடமாட்டார்கள். வீட்டில் மனைவி வேறு பூரித்துப் போயிருந்தாள்.

"இப்பல்லாம் உங்க முனகலையே காணோம். நான் சொன்னப்ப கேட்டீங்களா?"

பஸ்ஸில் அவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார்.

ஒருநாள் பள்ளிக்கூட இறக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. மிதித்தார். பஸ் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினார். குனிந்தால், கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்தார். முன்னால் நின்ற ஸ்கூட்டரின் பின்விளக்கை நொறுக்கிவிட்டு பஸ் நின்றது.

ஸ்கூட்டரில் இருந்தவள் பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "கண்ணு தெரியல?" என்று கத்தினாள்.

அவர் என்ஜினை அணைத்தார். "எல்லாரும் இறங்கிக்குங்க. இனி நான் ஓட்டமாட்டேன்."

"வண்டிக்கு என்னண்ணே?" என்று கண்டக்டர் ஓடிவந்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"வலிய கவனிக்கத்தானே சொன்னீங்க. இது வலி இல்லையேம்மா."

முதுகுத்தண்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, நாளைக் காலையில் ஆபரேஷன் என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். கால் பழையபடி ஆகுமா என்று கேட்டாள் பதறி வந்த மனைவி.

"மரத்தது மேல ஏறாம நிறுத்தப் பாக்கறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டாள். அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் கை பட்டதே தெரியவில்லை.

"வலது காலைத்தானே பிடிக்கிற?"

"இல்லியே," என்றாள். "இடது."

அவர் தலையைத் தூக்கி, அவள் கை இடது காலில் இருப்பதைப் பார்த்தார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டபடி வராந்தாவில் ஓடினாள்.