ஹசிந்தோவின் மூன்றாம் பிறந்தநாள்

நகரத்தின் நூற்றாண்டு மலரின் அட்டைக்கு எந்தப் படம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. மண்சுவர் சூழ்ந்த முற்றம். நடுவே நாற்காலியில், தலையில் காகிதக் கிரீடம் சூடிய மூன்று வயதுப் பையன். பக்கத்தில் தாய். சுற்றிலும் கிதாரோடும் கோப்பைகளோடும் பதினைந்து பேர். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கண்ணாடித் தகட்டில் நெடுநேரம் ஒளி விழவிட்டு எடுத்த படம் என்பதால் பெரியவர்கள் எல்லோரும் கொஞ்சம் அசைந்து கலங்கியிருந்தார்கள். பையன் மட்டும் சட்டைப் பித்தான் வரை துல்லியமாக விழுந்திருந்தான்.

'பிறந்தநாள் விழா, போசோ நுவேவோ, 1931' என்று படத்துக்குக் கீழே எழுதியது நகரக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒதிலியாதான். காப்பகத்துக்கு வருகிறவர்களிடம் அந்தப் பையனைக் காட்டி, "இந்த வாண்டுக்கு இருக்கிற பொறுமை பெரியவங்களுக்கு இல்ல, பாருங்க" என்று சொல்வது அவள் வழக்கம்.

காப்பகம் என்பது பழைய ரயில் நிலையத்தின் இரண்டு அறைகள். நகரத்தின் முதல் முப்பது வருடப் பதிவேடுகள் ஒரு தீவிபத்தில் போய்விட்டன. மிஞ்சியவை வீட்டு அலமாரிகளில் கிடந்த படங்களும் கிழவர்களின் வாயும்தான். பதினொரு வருடமாக ஒதிலியா இரண்டையும் சேகரித்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர் பேசியதைப் பதிவு செய்திருந்தாள். ஒருவர் சொன்னதிலும் ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

மலரைப் பற்றிச் செய்தித்தாளில் அட்டைப்படத்தோடு செய்தி வந்த திங்கட்கிழமை, உயரமான ஒரு கிழவர் அந்தத் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் தெமேத்ரியோ கோல்கே என்றார். தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான், தோன் தெமேத்ரியோ" என்றாள், ஊர் வழக்கப்படி பெயருக்கு முன் மரியாதைக்கு 'தோன்' சேர்த்து.

"நீ இந்த ஊர்க்காரிதானே?"

"இங்கதான் பொறந்தேன்."

"ஆஸ்பத்திரியிலயா?"

"ஆமா."

"அதான் தெரியல." தாளை மேசைமேல் விரித்து வைத்தார். "இது என் தம்பி ஹசிந்தோ. படம் எடுக்கிறப்ப அவன் செத்து ஒரு நாள் ஆச்சு."

ஒதிலியா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"பச்சப்புள்ள செத்தா தேவதையாகி நேரா சொர்க்கம். அதுக்கு யாரு அழுவா? பாட்டு, கூத்து, குடி எல்லாம் உண்டு. பெத்தவ மட்டும் அழக்கூடாது. கண்ணீர் பட்டா எறக்க நனைஞ்சிடும், புள்ள பறக்க முடியாதும்பாங்க. காயிதத்துல எறக்க செஞ்சு கட்டியிருந்தோம். படக்காரன் வந்ததும் அம்மா அத அவுக்கச் சொல்லிட்டா. 'தேவதையா வேணாம், என் மகனா ஒரு படம் எடு'ன்னா. கிரீடத்த எடுக்க மறந்துட்டாங்க."

ஒதிலியா அந்தச் சடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாள். நான்கைந்து பேர் பதிவிலேயே சொல்லியிருந்தார்கள். இருந்தும் கிரீடத்தையும் கிதாரையும் கண்டதும் அவள் கண் பிறந்தநாளைத்தான் கண்டது. அசல் படத்தை எடுத்துவந்து பூதக்கண்ணாடியை வைத்தாள். அந்தத் துல்லியத்துக்கு இப்போது வேறு காரணம் தெரிந்தது.

"நான் எங்கேன்னு பாரு" என்றார் அவர்.

பையனின் இடுப்பருகே சட்டை மடிப்பு என்று அவள் நினைத்திருந்த இடத்தில் நான்கு விரல்கள். கலங்கலாக, புகைபோல.

"நாற்காலிக்குப் பின்னால குந்திக்கிட்டு அவன நிமித்திப் புடிச்சிருந்தேன். எனக்கு ஏழு வயசு. அசையாதடான்னாங்க. கை கேக்கல."

அவர் கேட்க வந்தது ஒன்றுதான். தம்பியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. வெடியுப்பு வெட்டும் தொழிலாளர் முகாமில் பிறந்தவன் அவன். முகாமை மூடியபோது அதன் பதிவேடுகளும் போயின. குழந்தைகளைப் புதைத்த இடத்தின்மேல் சுரங்கத்துக்கு லாரிப் பாதை போட்டுவிட்டார்கள்.

"அந்தப் பாதையிலயே இருபது வருசம் லாரி ஓட்டுனேன்" என்றார். "எனக்கு எண்பத்திரண்டு ஆச்சு. நான் போயிட்டா அப்படி ஒருத்தன் இருந்தான்னு சொல்ல நாதியில்ல. பேர மட்டும் போடு, மகளே."

மலரை வெளியிடும் நகராட்சிப் பண்பாட்டுத் துறைத் தலைவர் ரமிரோ கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பொணத்த அட்டையில போட்டு, ஊருக்குப் பொறந்தநாள் கொண்டாடச் சொல்றீங்களா?"

"உள்பக்கத்துல போடலாமே."

"பள்ளிக்கூடத்துக்குப் போற புத்தகம், ஒதிலியா. படத்த எடுத்துடுங்க. ரயில் எஞ்சின் படம் ஒண்ணு இருக்கில்ல, அது போதும்."

"அவர் கேக்கறது பேரு மட்டும்தான்."

"பேரு போட்டுப் பொறந்தநாள்னா, அட்டையிலயே இருக்கட்டும். பேரு போட்டுச் சாவுன்னா எங்கேயும் வேணாம். வியாழக்கெழம அச்சுக்குப் போகுது. நீங்களே முடிவு பண்ணுங்க."

புதன்கிழமை தெமேத்ரியோ மறுபடி வந்தார், கையில் சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு. ஒதிலியா தேநீர் போட்டாள். ரமிரோ சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. வெளியே பிற்பகல் காற்று எழும்பி, சுரங்கத்துக் கழிவுமேட்டின் தூசியை ஜன்னலில் கொட்டியது.

"அந்தப் பதிவு பண்ற மெசின எடு."

"எதுக்கு?"

"பொறந்தநாளச் சொல்றேன்."

"தோன் தெமேத்ரியோ, தெரிஞ்சே ஒரு பொய்ய நான் பதிவு பண்ணுனதில்ல."

"அடேங்கப்பா. இருநூத்திச் சொச்சம் கிழடுக பேசுனது மொத்தமும் சத்தியமாக்கும்!" அவர் சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "இன்னொண்ணு. நெசம் இதுதான்னு தனியா எங்கேயும் எழுதி வைக்காத. எவனாவது கண்டுபுடிச்சான்னா பேர உருவிடுவான். வாக்குக் குடு."

ஒதிலியா தன் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். பிறகு வாக்குக் கொடுத்தாள். கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். அப்பா எங்கிருந்தோ ஒரு டப்பா பீச் பழம் கொண்டுவந்தது. அம்மா ஆட்டுப்பாலில் கேக் செய்தது, அது நடுவில் அமுங்கிப்போனது. கிதார்க்காரன் குடித்துவிட்டு ஒரே பாட்டை நான்கு தடவை பாடியது. ஹசிந்தோ மூக்கில் கேக்கோடு ஓடியது, கோழிகளை விரட்டியது, கிரீடத்தைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. இருபது நிமிடம் பேசினார். இடையில் ஓரிடத்தில் ஒதிலியாவே சிரித்துவிட்டாள்.

எல்லோரிடமும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பது அவள் வழக்கம். படத்தில் இருக்கும் ஒரு முகத்தைக் காட்டிக் கேட்பாள். யோசிக்காமல், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"உங்க அம்மா அன்னைக்கு எப்படி இருந்தாங்க?"

அவர் பிய்த்த ரொட்டியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தார்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்றார். அப்புறம் அவசரமாக, "பொறந்தநாள்ல யாரு அழுவா?" என்றார்.

மூன்று வாரம் கழித்து, மலரை வெளியிட்ட அன்று, ரயில் நிலைய மேடையில் மேயர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். தெமேத்ரியோ கடைசி வரிசையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக உட்கார்ந்திருந்தார். ஒதிலியா முதல் பிரதிகளில் ஒன்றைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

அட்டையின் கீழே இருந்தது: 'ஹசிந்தோ கோல்கேயின் மூன்றாம் பிறந்தநாள், 1931.'

அவர் பெயரின்மேல் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஓட்டினார். பிறகு விரல் மேலே ஏறி, பையனின் இடுப்பருகே வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒதிலியாவும் குனிந்து பார்த்தாள்.

விரல்கள் இல்லை. சட்டை மடிப்புக் கலையாமல் நேராக இறங்கியிருந்தது. அச்சகத்தில் படத்தைச் சுத்தம் செய்தவர்கள் அந்தக் கலங்கலைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். அச்சுக்கு முன் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அவள் பார்த்தது பெயரை மட்டுமே.

"தோன் தெமேத்ரியோ, நான் கவனிக்கல. அடுத்த பதிப்புல..."

"விடு மகளே." அவர் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப அவன் தானாவே உக்காந்திருக்கான்."

கூட்டம் கலையும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு மலரைக் கோட்டுக்குள் செருகி, அது சரிந்துவிடாதபடி கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, தூசிக்காற்றில் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.