அம்மாவிடம் கேட்டானா?

"சைராகுல் அக்கா, உன் கதையில என்னதான் புதுசு? பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும், பேசுற குதிரை, ஒரே வாரத்துல வளர்ற வீரன். எல்லாரும் பாடினதுதானே!"

கோடைவிழாவின் வீரகதைப் பாட்டுப் போட்டியில், நான் பாடத் தொடங்கும் முன்பே, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, எனக்குப் போட்டியாகப் பாட வந்த எர்மெக் இப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் வீரன் மட்டும் கழுதை மேலயா வந்தான்?" என்றேன்.

பாட உட்கார்ந்தேன். கிழவிக்குப் பிள்ளை பிறந்தது, மளமளவென வளர்ந்தது, போருக்குக் குதிரை ஏறியது. தெரிந்த இடம் வரும்போதெல்லாம் "பாரகெல்தே!" என்று கத்திப் பாராட்டுவது எங்கள் வழக்கம். கூட்டத்தார் தொண்டை கிழியக் கத்தினார்கள். அடுத்து, எல்லாப் பாட்டிலும் தாய் அழுதுகொண்டே வழியனுப்புவாள். எர்மெக் மேலிருந்த எரிச்சலில் என் கிழவி பாய்ந்துபோய்க் கடிவாளத்தைப் பிடித்துவிட்டாள்.

"எறங்குடா கீழே! தலை நரைச்சப்புறம் பெத்தேன். ஆசை தீர மடியில வச்சுக்கக்கூட இல்ல. என்கிட்ட கேட்டியா?"

ஒருவரும் கத்தவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்போது குதிரைப்பால் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி அகப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"விடாதடி, நல்லாக் கேளு!"

அவ்வளவுதான், பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

அடுத்தது எர்மெக். அவன் வீரன் குதிரைமேல் ஏறியதுமே பெண்கள் கூச்சலிட்டார்கள்.

"அம்மாகிட்ட கேட்டானா?"

எர்மெக் என்னை முறைத்தான். கூச்சல் அடங்கவில்லை. வேறு வழியில்லாமல் தன் வீரனைக் குதிரையிலிருந்து இறக்கி, தாயிடம் நடத்திக் கூட்டிப்போனான்.

"பாரகெல்தே!" என்று முதலில் கத்தியது நான்தான்.