மங்கலாக ஒரு வரப்பு

1

இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் மனு எழுதித் தருவது என் தொழில். கதை எழுதுவது கெட்ட பழக்கம். 'பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் பொது வரப்பில் ஒரு சாண் வெட்டிக்கொண்டார்' என்று அம்சவல்லிக்காக எழுதியவன் நான்தான். நன்றாக வந்திருக்கிறதென்று பெருமை வேறு.

2

தொடக்கம்: 'கேமரா ஒருபோதும் பொய் சொல்...' (அடித்துவிட்டேன். டீக்கடையில் எல்லாரும் சொல்வது.)

மறுபடியும்: மோட்டார் ஒயர் திருட்டுக்குப் பயந்து அம்சவல்லி வீட்டில் வயல் மோட்டார் கொட்டகைக்குக் கேமரா வைத்தார்கள். மாட்டியவர் நாகூர் நெய்னா முகம்மது.

"அக்கா, படம் தெளிவா வேணும்னா டிஸ்க்ல ஏழு நாள்தான் நிக்கும். மங்கலா வச்சா முப்பது நாள். அப்புறம் பழசு தானா அழிஞ்சிரும்."

"முப்பதே வைங்க தம்பி. மூஞ்சி தெரியாட்டி என்ன, நம்மூரு ஆள எனக்குத் தெரியாதா?"

3

பண்ணை நிலம் பட்டாவாகி வருமுன் அம்சவல்லியின் மாமனாரும் இராஜாங்கத்தின் அப்பாவும் நிலம் கேட்டுப் போராடி ஒரே போலீஸ் வேனில் போனவர்கள். அவர்கள் சேர்ந்து போட்ட வரப்பு அது.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் விசாரணை. வரப்பு வெட்டுப்பட்ட நாளின் பதிவு ஞாயிறன்று அழிந்துவிடும். சனிக்கிழமை மதியம் அம்சவல்லி என்னையும் உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தார். மங்கலான ஓர் உருவம் இராஜாங்கத்தின் பக்கம் இறங்கி வரப்பைச் செதுக்குகிறது. செதுக்கிய இடத்தில் மண்வெட்டியின் முதுகால் மூன்று தட்டு.

"ஐயய்யோ! இந்த மூணு தட்டு எங்க வூட்டுக்காரரோடதுங்க!"

4

(தன் வரப்பைத் தானே வெட்டுகிற புருஷனா? இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை.) சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் ரெத்தினத்தைக் கேட்டோம்.

"இராஜாங்கம் முட்டி ஆபரேஷன் பண்ணிப் படுத்துட்டாரு, ஒனக்குத்தான் தெரியாது. அந்தப் பக்கம் அண்டை வெட்ட* ஆளில்ல. நாந்தான் வெட்டுனேன். கொஞ்சம் கூடிப்போச்சு போல."

"கேமரா இருக்கில்ல?"

"அது மோட்டாரத்தானே பாக்குது?"

"நான் மனு குடுக்கும்போது வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"நீ எங்க பேசவிட்ட?"

"மனுசனா நீங்க!" என்று திட்டிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார் அம்சவல்லி. இவர்கள்மேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

*நடவுக்கு முன் வரப்பின் பக்கத்தைச் செதுக்குவது. அவரவர் பக்கம் அவரவர் செய்வார்கள். ரெத்தினத்துக்கு இது தெரியாமலில்லை.

5

முடிவு ஒன்று: மனுவை வாபஸ் வாங்குகிறார்கள், பதிவு அழிகிறது. (வேண்டாம். வெட்டியவர் இராஜாங்கம்தான் என்ற பேச்சு நிற்கும். அவர் என்ன பாவம் செய்தார்?)

முடிவு இரண்டு: ரெத்தினம் ஒப்புக்கொள்கிறார். (அவர் தயார். "பொண்டாட்டி மனுவுலயே மாட்டுனாருன்னு ஊரு சிரிக்கவா?" என்று அம்சவல்லி விடவில்லை.)

முடிவு மூன்று, அம்சவல்லி சொன்னது: "பென் டிரைவ்ல ஏத்திருவோம். அதுல ஆளு விறுவிறுன்னு நடக்குது. இராஜாங்கம் அண்ணனால முடியுமா? அவரில்லேன்னு ஆயிரும். மூஞ்சிதான் மங்கலாச்சே, இவரும் தப்பிச்சுருவாரு."

எழுதிவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை ஸ்டேஷனில் இராஜாங்கமும் திரையைப் பார்ப்பார். நாற்பது வருஷமாகப் பக்கத்து வயலில் ரெத்தினத்தின் அந்த மூன்று தட்டைப் பார்த்தவர். "யாருன்னு தெரியுதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். ஒரு மாதமாகத் திருட்டுப் பட்டம் சுமந்தவரின் பதிலை, அந்தப் பட்டத்தை எழுதிக்கொடுத்த கையால் நான் எழுத மாட்டேன். பக்கத்து வயல்காரரோடு பேசாமலிருக்கிறவர் யாராவது இதை வாசித்தால், நீங்கள் எழுதுங்கள்.

இராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "