எல்லாம் சேர்த்து ஐந்நூறு

பன்னிரண்டாம் எண் அறைக்கு வெளியே பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அறையிலிருப்பவள் மூன்று மணிக்குக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தாள். மணி இரண்டே முக்கால். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதால் நின்றுகொண்டே இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் விடுதி அது. நோயாளிகளோடு வருகிறவர்கள்தான் அங்கே தங்குவார்கள். எந்த நேரமும் பக்கெட்டும் கையுமாக அலைகிறவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பக்கெட்டு அக்கா.

போன மாதம் வரை வாசல் பலகையில் 'அறை 400' என்றுதான் எழுதியிருந்தது. கிளம்பும்போது பார்த்தால் பில்லில் விரிப்புக்கு, தண்ணீருக்கு, துப்புரவுக்கு என்று நூற்றைம்பது ஏறியிருக்கும். அதில் துப்புரவுக்கான எண்பது அப்படியே அவள் கைக்கு வரும். அதுதான் அவளுக்குச் சம்பளம். அதற்கான ஏச்சும் அவளுக்கே வரும். "பெருக்கறதுக்கு எண்பதா? தங்கத்துல தொடப்பம் வச்சிருக்கியா?" என்பார்கள்.

பிறகு சட்டம் வந்தது. பலகையில் போடுகிற விலைதான் கடைசி விலை, உள்ளே போனபின் எதையும் ஏற்றக்கூடாது என்று ரேடியோவில் கேட்டபோது, அவள் அடுப்படியில் நின்றபடியே கைகூப்பினாள். இனி யாரும் ஏசமாட்டார்கள்.

எல்லாம் சேர்த்தால் ஐந்நூற்றைம்பது. ஆனால் பக்கத்து விடுதிக்காரர் ஐந்நூறு என்று எழுதிவிட்டார். முதலாளியும் ஐந்நூறு என்றே எழுதினார். குறைந்துபோன ஐம்பதுக்கு அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை. அவளுடைய எண்பது முப்பதாயிற்று.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே," என்று கணக்கர் அவள் காதுபட முணுமுணுத்தார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

துடைத்த அறைக்குச் சாட்சி அழுக்கு விரிப்பு. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தொட்டியில் எத்தனை விரிப்பு கிடக்கிறதோ அத்தனை முப்பது, அன்றன்றைக்கே. முன்பு மூன்று அறையில் கிடைத்தது இப்போது எட்டு அறையில் கிடைக்கிறது. கணவனின் மாத்திரை காலையோடு தீர்ந்திருந்தது. எட்டு அறைக்காசு இருந்தால்தான் இன்றைக்கு ஓர் அட்டை வாங்கலாம். தொட்டியில் ஏழு கிடந்தன.

கதவு திறந்தது. நாலு நாளாக அழுது வீங்கிய கண்களோடு இருந்த பெண், இன்று தலைவாரியிருந்தாள்.

"அக்கா, அவரை ஐ.சி.யு.லருந்து வார்டுக்கு மாத்திட்டாங்க. இனி நானும் அங்கயே இருந்துக்கலாம்."

"ஆண்டவன் கண்ணைத் தொறந்துட்டான்மா."

"உள்ள வந்து பாருங்களேன்."

தரை ஈரம் காயாமல் மின்னியது. குளியலறைக் குழாய்கூடத் தேய்க்கப்பட்டிருந்தது. கட்டிலின்மேல் விரிப்பு, துவைத்துக் காய்ந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்கப்பட்டிருந்தது.

"காலையிலயே அலசிப் போட்டேன். துப்புரவுக்குன்னு முந்தி தனியா வாங்குவாங்களாமே, இப்ப பலகையில அதைக் காணோம். உங்களைச் சும்மாவே வேலை வாங்கறாங்களோன்னு மனசு கேக்கல. அன்னிக்கு நான் அழுதப்ப டீ வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தீங்களே, அதை யாரு செய்வாங்க, அக்கா?"

அக்கா விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் விரல்நுனிகள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன.

"கை தேயத் தேய எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள். "மகராசியா இரு. உன் வீட்டுக்காரர் நடந்தே வீட்டுக்கு வருவார், பாரு."

பையைத் தானே வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், அந்தப் பெண் சாலையைக் கடக்கும்வரை நின்றாள்.

திரும்பி வந்தபோது கணக்கர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழுதானே இருக்கு? பன்னெண்டு எங்க?"

"அந்தப் பொண்ணு தானே துவைச்சு மடிச்சு வச்சிட்டுப் போயிருக்குங்க."

"அடப் பாவமே! நல்லது பண்றேன்னு உன் வயித்துல அடிச்சிட்டாளே." அவர் முதலாளியின் அறைப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய். அதை எடுத்து நனைச்சுக் கசக்கித் தொட்டியில போடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."



"வேணாம் கணக்கரே. புருஷன் பொழைச்ச சந்தோசத்துல துவைச்சது. அதைக் கொண்டுபோய் அழுக்குல போட என் கை வராது."

"உன் புருஷனுக்கு மாத்திரை?"

"நாளைக்கு வாங்கிக்கறேன். ஒரு ராத்திரிதானே."

கணக்கர் ஏழு என்று எழுதினார்.

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு அதிகாரிகள் இறங்கிப் பலகையைப் படித்தார்கள், பில் புத்தகத்தைப் புரட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். முதலாளி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். இளைய அதிகாரி பையிலிருந்து பச்சைநிற ஒட்டுவில்லை ஒன்றை எடுத்தார். 'இங்கே விலையில் ஒளிவுமறைவு இல்லை' என்று அதில் அச்சாகியிருந்தது. கண்ணாடிக் கதவில் வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை.

"தூசியா இருக்கு. இந்தாம்மா, கொஞ்சம் தொடச்சு விடு."

அவள் கண்ணாடியில் வாயால் ஊதி, முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். வில்லை ஒட்டிக்கொண்டது. ஒரு மூலை மட்டும் எழும்பி நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

முதலாளி வில்லைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அதிகாரி செல்போனை உயர்த்தினார்.

"நீ படத்துல விழறேம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு. விரலை மட்டும் எடுத்துடாதே."

அவள் கதவுக்குப் பின்னால் நகர்ந்து, கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.