சம்பந்தியும் பன்னிக்கடலைக் கொடியும்

எங்க மேற்கு வர்ஜீனியா மலையில மூணு மூணா இலை விட்ட கொடியைப் பார்த்தாலே ஆம்பளைங்க அலறி ஓடுவாங்க. நச்சுக்கொடிக்கும் மூணு இலைதான், பட்டா வீங்கி வாரக்கணக்கா அரிக்கும், அதனால. என் பொண்ணு லெட்டிக்குச் சனிக்கிழமை கல்யாணம். வீட்டுக்குப் பின்னாடி காட்டுல, ஓக் மரத்தடியிலதான்னு ஒத்தக் கால்ல நின்னா. திங்கட்கிழமை இடம் பார்க்க வந்த சம்பந்தி ஹோபர்ட், வண்டியிலேர்ந்து களைக்கொல்லி டப்பாவை இறக்கிட்டாரு.

"பூரா நச்சுக்கொடி! இங்க கல்யாணம் பண்ணினா என் பையன் முதலிரவுல சொறிஞ்சுக்கிட்டுத்தான் கிடப்பான்."

"கண்ணைத் திறந்து பாருங்க ஹோபர்ட்! இது பன்னிக்கடலை, ஒண்ணும் பண்ணாது. நூலாட்டம் தண்டு, பக்கத்துச் செடியைச் சுத்திக்கிட்டு ஏறுது. இந்தா வெளிர் ஊதாப் பூ, அவரைப் பூ கணக்கா. நச்சுக்கொடி இப்படிப் பூக்குமா?"

"மூணு இலைன்னா மூணு இலைதான்."

எனக்கு வந்துச்சே கோவம்! மண்ணைக் கிளறி, அடியில ஒளிஞ்சிருந்த காயை எடுத்து உரிச்சு, விதையை வாயில போட்டு மென்னேன். அதோட விட்டேனா? ஒரு பிடி இலையைக் கசக்கி ரெண்டு கன்னத்துலயும் தேய்ச்சேன்.

"புதன்கிழமை வரைக்கும் உங்க மூஞ்சி வீங்கலேன்னா கல்யாணம் இங்கயே," ன்னாரு மனுஷன். "வீங்கினா மருந்தடிப்பேன்."

அதுவரைக்கும் கண்ணாடியே கதின்னு கிடந்தேன். அரிக்கிற மாதிரியே இருந்துச்சு, ஆனா ஒண்ணும் வரல. புதன்கிழமை போன் போட்டு, "மூஞ்சி பளபளன்னு இருக்கு"ன்னு சொல்லிட்டு டக்குனு வச்சுட்டேன்.

சனிக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, மரத்தடியில கொடி சுத்தின பெரிய வளைவு. பக்கத்துல ஹோபர்ட். மூஞ்சி ஊதிப் போய் கண்ணே தெரியல.

"ஐயையோ, என்ன ஆச்சு?"

"தெரியல. தேனீ கொட்டியிருக்கும். அதை விடுங்க, வளைவு எப்படி? பன்னிக்கடலை! லெட்டிக்காக வியாழக்கிழமை பூரா என் தோப்புல பறிச்சேன். இனிமே மூணு இலையைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன்."

உத்துப் பார்த்தேன். பூ ஒண்ணுகூட இல்ல. கட்டைத் தண்டு பூரா ரோமம் ரோமமா வேர். சாட்சாத் நச்சுக்கொடி.

"லெட்டி, கிட்டப் போகாதடி!"

மாப்பிள்ளை வைக்கோல் அள்ளுற கவட்டையால வளைவை ஓடைப் பக்கம் தள்ளிட்டுப் போனான். கல்யாணம் பன்னிக்கடலை நடுவுலயே நடந்துச்சு. பாஸ்டருக்குச் சிரிப்பு அடங்கல.

ஒரு நாள் பூரா என் பொண்ணுக்காகக் கொடி பறிச்சிருக்காரே இந்த மனுஷன்! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கணும் போல இருந்துச்சு. அவரும் கையை விரிச்சுக்கிட்டு வந்தாரு.

"ரொம்ப நன்றி ஹோபர்ட்," ன்னு கத்தினேன். "அங்கேயே நில்லுங்க!"