காய்ந்த தாள்

அந்தத் தாள் நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா... உலகம்மைக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கழக்கூட்டத்து அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர்க் குப்பிகளை எடுத்துத் தட்டில் அடுக்குகிறாள், உள்ளே மீட்டிங், வெளிக்காற்று பட்டதும் ஒவ்வொன்றும் வியர்க்கிறது, குளிர்ந்தது எதுவும் இப்படித்தானே வியர்க்கும், அகாடமியில் ஓடிய நாளில், அன்றைக்கு, கூட ஓடிய மாளவிகாவின் குப்பியைச் சுற்றியிருந்த செய்தித்தாள் நனைந்து பிய்ந்து வந்ததே, அது நன்றாக நினைவிருக்கிறது, என்னுடையது? சிறுநீரைப் பார்த்தே யார் உடம்பில் பயிற்சி பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாமாம், அகாடமிக்குப் புதிதாக வந்த சோதனை, ஓட்டக்காரிகள் இருவரில் ஒருத்திக்குத்தான் முகாமில் இடம், ராத்திரி பிடித்துக் குளிரில் வைத்துக் காலையில் கொண்டுவரச் சொன்னார் கோச் பிரஜின் சார். துறைமுக வேலைக்கு வந்த அப்பாவோடு விழிஞ்ஞத்தில் அவள் இருந்த தகர அறையில் ஃப்ரிட்ஜ் ஏது, மாளவிகாவின் ஆரியசாலை வீட்டில் தங்கினாள், மாளவிகாவின் அம்மா பொன்னம்மை குப்பிகளைப் பார்த்து, "சாமிக்குள்ள பாலும் தயிரும் இருக்கப்பட்ட இடத்திலயா பிள்ளே இதைக் கொண்டு வைக்கது? நல்ல படிப்பு" என்றாள், சிரித்துக்கொண்டேதான். "அம்மா, மூடி போட்டதாக்கும்" என்றாள் மாளவிகா. இரண்டையும் வாங்கித் தாளில் சுற்றிக்கொண்டு போன பொன்னம்மை, "நம்ம பிள்ளைக்குள்ளதுன்னா போட்டும்..." என்று முணுமுணுத்தது காதில் விழுந்ததா, பின்னால் தானாகச் சேர்த்துக்கொண்டதா?

காலையில் எடுத்துக் கொடுத்ததும் பொன்னம்மைதான். உலகம்மையின் குப்பியைச் சுற்றிய தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம், எழுத்து கலையாமல், வாசிக்க முடிந்தது... முடிந்ததென்றால்? "இன்னொண்ணு வைக்கட்டா மக்ளே?" வாய் நிறைய அந்த வீட்டுத் தோசை, அந்த வாயால் எப்படிக் கேட்பது, அத்தை, இது ஏன் குளிரவில்லை என்று?

"மோளே, உன் சரீரத்தில் ட்ரெயினிங் கேறாது, டெஸ்ட் பறஞ்சல்லோ." இந்த உடம்பில் பயிற்சி ஏறாதென்று சோதனை சொல்லிவிட்டதாம், சார் இரக்கத்தோடுதான் சொன்னார். அன்றிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை, ஓடி என்ன, இந்த உடம்பை, இந்தக் கால்களை எவ்வளவு திட்டியிருப்பாள், ஃப்ரிட்ஜில் வைக்காமல் ராத்திரி முழுக்கக் குளியலறை ஜன்னலிலோ எங்கோ கிடந்து கெட்டுப்போனதையா அந்த மெஷின் பார்த்தது, அப்படியானால் இந்தக் கால்கள் ஓடியிருக்குமோ... ஒரு குப்பி வழுக்கியது, பிடித்துக்கொண்டாள். அந்தத் தாள் நனைந்தே இருந்திருக்கட்டும் என்று மனம் வேண்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

மாளவிகா முகாமில் முட்டி பிசகித் திரும்பி, கல்யாணமாகிக் கோட்டயத்தில் இருக்கிறாள். பிரஜின் சார் வேறு அகாடமிக்குப் போய்விட்டார், அந்தச் சோதனையை இங்கே இப்போது யாரும் செய்வதில்லை. பொன்னம்மை ஆரியசாலையில்தான், வழியில் கண்டால் சாப்பிட்டாயா என்று கேட்பாள். உலகம்மை கதவைத் தோளால் தள்ளித் தட்டோடு உள்ளே போனாள்.