மேசையில் ஐந்து, போர்டில் நாலரை

நியாயம் கேட்கத் தெரிந்தவர்களே, வாருங்கள்! இந்தப் பட்டறையின் சோதனை அறையை எட்டிப் பாருங்கள். மருத்துவமனைகளின் மூச்சுக்கருவிகளுக்கு இங்கேதான் சர்க்யூட் போர்டுகள் தயாராகின்றன. ஈயத்தை உருக்கி அவற்றில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் வேலை செய்யும் பெண் ஒருத்தி, கைவேலை சுத்தமில்லை என்ற பழியோடு இன்று மாலை வெளியேற்றப்படப் போகிறாள். அவள் செய்த போர்டுகளைச் சோதித்து, தேறவில்லை என்று ஒதுக்கியவள் அயலாள் அல்லள். அவளுடைய சொந்த நாத்தனார்.

ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே பேருந்தில் வேலைக்கு வருகிறவர்கள் இருவரும். இன்று காலை அடுப்படியில் அண்ணி பொறுமை இழந்தாள்.

"வீட்ல உப்பு கூடிப்போச்சுன்னு குத்தம் சொன்னது பத்தலையா நாத்தனாரே? வேலைலயும் ஆரம்பிச்சுட்டியா?"

"நான் என்ன அண்ணி பண்றது? மூச்சுக்கருவி மோட்டாரை ஓட்டுனதும் போர்டு செத்துச் செத்துப் பொழைக்குது. பவர் சப்ளையில அஞ்சு வோல்ட் அசையாம நிக்குது. அப்ப கோளாறு எங்க?"

"என் கையிலதான். வெட்டி உங்க மேனேஜருக்குப் பார்சல் அனுப்பிடவா?"

அந்தச் சொல் நாத்தனாரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் வோல்ட் அளக்கும் கைமீட்டரை எடுத்தாள். மேசையில் இருந்த பவர் சப்ளையை அளக்கவில்லை. மேசைக்கும் போர்டுக்கும் நடுவே நின்ற கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சென்று, போர்டின் மீதே மீட்டரின் முனைகளை வைத்தாள். மோட்டார் ஓடியது. நாலரை! மேசையிலோ அதே ஐந்து.

மீதி அரை வோல்ட்டை வழியிலிருந்த கம்பிகள் விழுங்கியிருந்தன. முன்பு போர்டுக்கு நான்கு கம்பிகள் சென்றன. தடித்த இரண்டும் மின்சாரத்தைச் சுமந்தன. மெல்லிய இரண்டும் எதையும் சுமக்காமல், போர்டில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மட்டும் பவர் சப்ளைக்குத் தெரிவித்தன. குறைந்தால் அது கூட்டிக் கொடுக்கும். போன மாதம் சரக்கு வாங்குவோர் பார்வையிட வந்தபோது அந்தத் தடுப்பு எழுந்தது, அதைச் சுற்றிவரக் கம்பிகள் நீண்டன. "என்னம்மா இது, சிக்குப் பிடிச்ச தலை மாதிரி தொங்குது? மெல்லிசெல்லாம் எடுத்துடு" என்றார் மேனேஜர். அவள் எடுத்தாள். அவை இருந்த முனைகளைப் பவர் சப்ளையின் பின்புறத்திலேயே, தடித்த கம்பிகள் புறப்படும் முனைகளோடு தகட்டுத் துண்டுகளால் இணைத்துவிட்டாள். அன்றுமுதல் அது தன் வாசலையே அளந்துகொண்டு, எல்லாம் சரி என்றது. அவளும் நம்பினாள்.

மெல்லிய கம்பிகளை மீண்டும் போர்டுவரை இழுத்துப் பொருத்தினாள். ஒதுக்கப்பட்ட போர்டுகள் ஒவ்வொன்றும் ஓடின.

மேனேஜரை அழைத்து வந்து காட்டினாள். "சார், கோளாறு அண்ணி கையில இல்ல. கம்பியைக் கழட்டுனது நான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆள் தப்புன்னு வாங்குறவங்ககிட்ட சொல்லியாச்சும்மா. இப்பப் போயி நம்ம அளவே தப்புன்னா, போன சரக்கையெல்லாம் சந்தேகப்படுவாங்க."

"அதுக்காகத் தப்புப் பண்ண நான் இருக்கணும், பண்ணாத அவங்க போகணுமா?"

"வீட்டுக்கு ஒருத்தராவது மிஞ்சுறீங்களேன்னு சந்தோஷப்படு."

மாலையில் அண்ணி வாயிலுக்கு வந்தாள். நாத்தனார் ஓடிச்சென்று அவள் கையைப் பற்றி, நடந்தது அனைத்தையும் சொன்னாள்.

"ஒரு வாரம் முன்னாடியே அந்த மீட்டரை எடுத்திருந்தா, சண்டையாவது மிச்சம்" என்றாள் அண்ணி. சிரிக்க முயன்றாள், உதடு ஒத்துழைக்கவில்லை. "இத்தனை பேர் முன்னாடி என் கையைக் குத்தம் சொன்னாங்களேடி."

நாத்தனார் திரும்பினாள். வெளியேறிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனைபேரையும் நிறுத்தி, உரக்கச் சொன்னாள்: "எங்க அண்ணி சால்டரிங்ல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது. அவங்க இல்லாம நாளைக்கு நான் உள்ள போகமாட்டேன்."

சிலர் நின்றனர். சிலர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று நழுவினர்.

நீங்கள் நழுவாதீர்கள்! நாளைக் காலை அந்த வாயிலுக்கு வாருங்கள். மேனேஜரைப் போர்டின் அருகே நிறுத்துங்கள். மெல்லிய கம்பிகளைக் கழற்றி ஒருமுறையும், பொருத்தி மறுமுறையும் மோட்டாரை ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு அளவையும் அவர் வாயாலேயே, எல்லார் காதிலும் விழும்படி படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் தலை நிமிர்ந்து தன் இருக்கையில் அமரும்வரை கலையாதீர்கள்!